சாவிப்பலகையில் வரைந்த பெயர்ப்பலகை

ரெடிஸ் சர்வரை டெர்மினலில் நேரடியாக இயக்கிப் பாருங்கள். முதல் சில லாக் வரிகளுக்குப் பிறகு, புள்ளியும் கோடும் கொண்டு வரைந்த கனசதுரச் சின்னம் ஒன்று வந்து நிற்கும். அதன் வலப்பக்கத்தில் பதிப்பு எண், போர்ட் எண், செயல்முறை எண். ஸ்பிரிங் பூட் கொண்டு எழுதிய ஜாவா நிரலும் அப்படித்தான்: ஸ்பிரிங் என்ற பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, கீழே பதிப்பைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கும். இரண்டிலும் படக்கோப்பு எதுவும் கிடையாது. எல்லாம் சாவிப்பலகையில் இருக்கும் குறிகள்.

உங்கள் திட்டத்துக்கும் அப்படி ஒரு பேனர் செய்வதுதான் இந்த அத்தியாயம். வரைவது சில நிமிட வேலை. வரைந்ததை நிரலுக்குள் உடையாமல் வைப்பதும், வரக்கூடாத இடத்தில் வராமல் தடுப்பதும்தான் கவனம் கேட்பவை. ஆகவே பக்கங்களில் பெரும்பாலானவை அவற்றுக்கே.

பழக்கம் பழையது. 1963-இல் வெளியாகி, 1967 திருத்தத்தில் சிற்றெழுத்துகளும் சேர்ந்த ஆஸ்கி தரத்தில் 128 குறிகள் உண்டு. கட்டுப்பாட்டுக் குறிகள் 33 போக, அச்சில் வருபவை இடைவெளியோடு சேர்த்து 95. பல பேர் ஒரே கணினியையும் ஒரே லைன் பிரிண்டரையும் பகிர்ந்துகொண்ட காலத்தில், ஒருவருடைய அச்சு எங்கே முடிந்து இன்னொருவருடையது எங்கே தொடங்குகிறது என்று தெரிய, இடையில் ஒரு தாளில் பெயரைப் பெரிய எழுத்தில் அடிப்பார்கள். யூனிக்ஸில் இதற்கென்றே பேனர் என்ற கட்டளை இருந்தது. பேனர் அன்று அலங்காரத்துக்காக வந்ததில்லை, இது யாருடையது என்று தூரத்திலிருந்தே சொல்ல வந்தது. இன்றும் ஒரு பேனர் நன்றாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு அந்தக் கேள்வியே போதும்: இயக்கியவருக்கு அது எதையாவது சொல்கிறதா?

பெயர் மட்டும் இருந்தால் பாதி வேலைதான். பெயருக்குக் கீழே ஒற்றை வரியில் பதிப்பு, எந்தச் சூழலில் ஓடுகிறது, எந்த போர்ட்டில் காத்திருக்கிறது என்று சொல்லுங்கள். சோதனைச் சூழல் என்று நினைத்து நேரலைச் சூழலில் கட்டளை அடிக்கப் போகிறவரின் கையை அந்த ஒரு வரி நிறுத்திவிடும்.

முதலில் அகலம்

ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் ஒரு வரிக்கு 80 இடங்கள். 1978-இல் வந்த விடி100 டெர்மினலின் திரை 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். இன்றும் புதிதாகத் திறக்கும் டெர்மினல் சாளரம் பெரும்பாலும் அந்த அளவில்தான் திறக்கிறது. ஆகவே 80-ஐ எல்லையாகவும், 60-ஐ இலக்காகவும் வையுங்கள். எடிட்டருக்குள் பாதித் திரையில் டெர்மினலைத் திறந்து வேலை செய்பவர்கள் ஏராளம். வரி மடிந்தால் பேனர் உருக்குலைந்துவிடும், பெயரைப் படிக்கவே முடியாது. உயரத்தில் இன்னும் சிக்கனம் வேண்டும். 24 வரித் திரையில் ஆறு வரி பேனர் என்றால் கால் பங்கு போயிற்று. பேனரைத் தாண்டி முதல் பிழைச் செய்தியும் அதே திரையில் தெரிய வேண்டும்.

வரையும் கருவி

கையாலேயே வரையலாம். ஆனால் ரோமன் எழுத்துப் பெயருக்கு ஃபிக்லெட் இருக்கும்போது அந்தச் சிரமம் தேவையில்லை. க்ளென் சாப்பெல், இயன் சாய் இருவரும் 1991-இல் தொடங்கியது இது. ஃபிராங்க் என்ற நண்பரின் மின்னஞ்சல் கையொப்பத்தில் இருந்த பெரிய எழுத்துகள்தான் தூண்டுதல் என்பதால், மூவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்து கருவிக்குப் பெயராயின. லினக்ஸ், மேக் இரண்டிலும் வழக்கமான தொகுப்பு மேலாளர் வழியாகவே நிறுவிக்கொள்ளலாம். பைத்தானுக்கும் நோடுக்கும் இதே ஃபான்ட்களைப் படிக்கும் நூலகங்கள் உண்டு.

கட்டளையின் பெயரை அடித்து, ஓர் இடம் விட்டு, திட்டத்தின் பெயரை அடித்தால் போதும். நிலா என்ற திட்டப் பெயரை ரோமன் எழுத்தில் கொடுத்தால், ஸ்டாண்டர்ட் என்ற இயல்பு ஃபான்ட் தருவது இது:

```
 _   _ _ _
| \ | (_) | __ _
|  \| | | |/ _` |
| |\  | | | (_| |
|_| \_|_|_|\__,_|
```

நான்கு எழுத்துகளையும் தனித்தனியே வைத்தால் 20 எழுத்து அகலம் பிடிக்கும். இங்கே 17-இல் அடங்கியிருக்கிறது, ஏனென்றால் ஃபிக்லெட் அடுத்தடுத்த எழுத்துகளின் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவிடுகிறது. முதல் எழுத்தின் வலது தூணும் இரண்டாம் எழுத்தின் இடது தூணும் ஒரே தூணாகிவிட்டன. இரண்டாம் வரியை உற்றுப் பாருங்கள்: முதல் எழுத்தின் தூண் இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறி இருக்கிறது. இரண்டு வேறுபட்ட குறிகள் மோதினால் எது நிலைக்க வேண்டும் என்று ஃபான்ட் விதிகளில் ஒரு வரிசை உண்டு. அதில் தூணைவிட அடைப்புக்குறிக்கு இடம் மேலே. பெரும்பாலான பெயர்களுக்கு இந்த நெருக்கம் அழகாகவே அமையும். சில பெயர்களில் இரண்டு எழுத்துகள் ஒன்றாகிப் படிக்கக் குழப்பும். அப்போது முழு அகலம் அல்லது ஒட்டி நிற்கும் அளவு மட்டும் நெருக்கு என்று சொல்லும் விருப்பக் குறிகள் கட்டளையில் இருக்கின்றன, பயன்படுத்துங்கள்.

ஸ்டாண்டர்ட் ஃபான்டின் உயரம் ஆறு வரி. மேலே ஐந்துதான் தெரிகிறது. ஆறாவது, அடிக்கோட்டுக்குக் கீழே வால் இறங்கும் எழுத்துகளுக்கானது. உங்கள் பெயரில் அத்தகைய எழுத்து இல்லையென்றால் கடைசியில் வெற்று வரி ஒன்று மிஞ்சும், அதை வெட்டிவிடுங்கள். ஃபான்ட் தேர்வில் என் சிபாரிசு எளிது: ஸ்டாண்டர்ட், ஸ்லாண்ட், ஸ்மால் மூன்றையும் தாண்டிப் போக வேண்டிய தேவை அபூர்வம். இணையத்தில் நூற்றுக்கணக்கில் ஃபான்ட்கள் கிடைக்கின்றன. பூவேலை மிகுந்தவற்றில் திட்டத்தின் பெயரை முன்பே அறிந்தவரால்தான் அதைப் படிக்க முடிகிறது. பேனரைப் பார்க்காத ஒருவரிடம் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். தயங்கினால் ஃபான்டை மாற்றுங்கள்.

நிரலுக்குள் உடையும் இடங்கள்

மேலே உள்ள நிலா பேனரில் பேக்ஸ்லாஷ் ஐந்து இடங்களில் வருகிறது, பேக்டிக் ஓரிடத்தில் வருகிறது. இரண்டுமே நிரல் மொழிகளில் தனிப் பொருள் உள்ளவை. அந்த வரிகளை அப்படியே ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண மேற்கோளுக்குள் ஒட்டினால் திரையில் வருவது இது:

```
 _   _ _ _
|  | (_) | __ _
|  | | | |/ _` |
| |  | | | (_| |
|_| _|_|_|__,_|
```

பிழைச் செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பொருளில்லாத பேக்ஸ்லாஷை அந்த மொழி சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது, அதன் வலப்பக்கம் இருந்ததெல்லாம் ஓர் எழுத்து இடம் இடதுபுறம் நகர்ந்துவிட்டது. வரிக்கு வரி மேற்கோள் போடுவதற்குப் பதில் பேக்டிக் இட்ட பலவரிச் சரத்தில் வைக்கலாம் என்று போனால், மூன்றாம் வரியில் இருக்கும் பேக்டிக் அந்தச் சரத்தையே பாதியில் மூடிவிடும்.

ஜாவா கண்டிப்பானது, தனக்குத் தெரியாத பேக்ஸ்லாஷ் ஜோடியைப் பார்த்தால் தொகுக்க மறுக்கும். இது நமக்கு நல்லதே. பைத்தான் பேக்ஸ்லாஷை அப்படியே விட்டுவைக்கும், ஆனால் 3.12 பதிப்பு முதல் வெளிப்படையாக எச்சரிக்கிறது. ஆகவே மூல மேற்கோளுக்குள் (raw string) வைப்பதே சரியான வழி. மூல மேற்கோள் ஒற்றை பேக்ஸ்லாஷில் முடிய முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முடிக்கும் மேற்கோளைத் தனி வரியில் போட்டால் சிக்கல் தீரும். ஷெல் ஸ்கிரிப்டில் பலவரி உரையைக் கொடுக்கும்போது முடிவுச் சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். மேற்கோள் இல்லாவிட்டால் ஷெல் பேக்டிக்கைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு இயக்கப் பார்க்கும், டாலர் குறியை மாறியாக விரிக்கப் பார்க்கும்.

சி, சி++ மொழிகளில் இன்னொரு பொறி. கோப்பின் தலைப்பில் இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்புரையாகப் பேனரை வைக்கிறோம். ஏதேனும் ஒரு வரி பேக்ஸ்லாஷில் முடிந்தால் அடுத்த வரியும் குறிப்புரையின் தொடர்ச்சியாகிவிடும். பேனரின் கடைசி வரியில் இது நேர்ந்தால், அதற்குக் கீழே உள்ள உண்மையான நிரல் வரி காணாமல் போகும். பின்னால் இடைவெளி விட்டால் தப்பலாம் என்று தோன்றும். ஆனால் ஜிசிசி இடைவெளியையும் தாண்டிப் பார்த்து வரிகளை இணைத்துவிடும். வரி முடிவில் ஒரு புள்ளியோ தூணோ வையுங்கள். நட்சத்திரமும் சாய்கோடும் அடுத்தடுத்து வரும் ஃபான்டைப் பிளாக் குறிப்புரைக்குள் போடவே வேண்டாம், குறிப்புரை அந்த இடத்திலேயே மூடிக்கொள்ளும்.

இவ்வளவு பொறிகளையும் ஒரே முடிவால் தாண்டலாம்: பேனரைத் தனி உரைக் கோப்பில் வையுங்கள். ஸ்பிரிங் பூட் வளக் கோப்புறையில் பேனர் என்ற பெயரில் உரைக் கோப்பு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், பதிப்பு எண்ணுக்கு அதிலேயே இடம் விடலாம். கோ மொழியில் 1.16 பதிப்பிலிருந்து கோப்பை நிரலுக்குள் பொதியும் வசதி இருக்கிறது, ரஸ்டில் அதற்கு ஒரு மேக்ரோ இருக்கிறது. கோப்பை எடிட்டரில் திறந்தால் திரையில் எப்படி வருமோ அப்படியே தெரியும், கோட் சரிபார்ப்பவரும் ஒரே பார்வையில் பார்த்துவிடுவார். இயங்கும் நேரத்தில் ஃபிக்லெட்டை அழைத்து வரையச் சொல்லாதீர்கள். மாறாத சில வரிகளுக்காகப் பயனர் தலையில் ஒரு கூடுதல் சார்பைக் கட்டுவது நியாயமில்லை.

குறிப்புரைப் பேனரைக் கோட் வடிவமைக்கும் கருவிகளிடமிருந்தும் காக்க வேண்டும். கிளாங் ஃபார்மேட் நீண்ட குறிப்புரை வரிகளை மடித்து ஒழுங்குபடுத்தப் பார்க்கும். பேனருக்கு மேலும் கீழும் அதை நிறுத்தும், தொடரும் குறிப்புகளை இடுங்கள்.

எப்போது பேசாமல் இருக்க வேண்டும்

இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பேனர் மனிதக் கண்ணுக்கானது. எதிரே மனிதர் இல்லையென்றால் அது அச்சாகக் கூடாது.

உங்கள் கருவி ஜேசன் தரவை வெளியிடுகிறது, பயனர் அதைப் பைப் போட்டு, ஜேசனை அலசும் ஜேக்யூ கருவிக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். தரவுக்கு முன்னால் ஐந்து வரி அடிக்கோடும் தூணும் போனால் முதல் குறியிலேயே ஜேக்யூ நின்றுவிடும். இரவில் ஓடும் தானியங்கி வேலையில் இப்படி நடந்தால், காலையில் வருபவர் தரவில் பிழை தேடிக்கொண்டிருப்பார். எனவே இரண்டு கட்டுப்பாடுகள். ஒன்று, பேனரை இயல்பு வெளியீட்டில் எழுதாமல் பிழை வெளியீட்டில் எழுதுங்கள். மற்றொன்று, எழுதும் முன் அந்த வெளியீடு டெர்மினலோடு இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா முக்கிய மொழிகளிலும் இதற்கு ஒரு வரிச் சோதனை இருக்கிறது. ரெடிஸ் இதில் பின்பற்றத்தக்கது. வெளியீடு டெர்மினலுக்குப் போகும்போதுதான் சின்னத்தைக் காட்டும். எப்போதும் வேண்டும் என்பவருக்குத் தனி அமைப்பு வைத்திருக்கிறது.

கன்டெய்னர்களில் ஓடும் சேவைகளுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். லாக் சேகரிக்கும் அமைப்பு ஒவ்வொரு வரியையும் தனிப் பதிவாக எடுத்துக்கொள்ளும். சேவை மீண்டும் மீண்டும் விழுந்து எழும் நேரத்தில், உண்மையான பிழை வரி பேனர் துண்டுகளுக்கு நடுவே புதைந்துபோகும். ஸ்பிரிங் பூட்டில் பேனரை அணைக்க ஓர் அமைப்பு வரி போதும். நேரலைச் சூழலின் அமைப்புக் கோப்பில் அதைச் சேர்த்துவிடுங்கள். உங்கள் கருவியிலும் பேனர் வேண்டாம் என்று சொல்ல ஒரு விருப்பக் குறி கட்டாயம் வேண்டும்.

வண்ணத்துக்கும் இதே ஒழுங்குதான். எஸ்கேப் குறியில் தொடங்கும் வண்ணக் கட்டளைகள் கோப்புக்குள் போனால் குப்பை எழுத்துகளாகக் கிடக்கும். வண்ணம் வேண்டாம் என்பதைச் சூழல் மாறி வழியாகத் தெரிவிக்க நோ-கலர் என்ற பொது வழக்கம் 2017 முதல் இருக்கிறது, அதை மதியுங்கள். வண்ணம் இட்டால் முடிவில் இயல்பு நிலைக்குத் திருப்பும் குறியைப் போட மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் பயனரின் டெர்மினல் முழுவதும் உங்கள் திட்டத்தின் நிறத்திலேயே நிற்கும்.

கட்டங்களும் கனத்த எழுத்துகளும்

95 குறிகளுக்கு வெளியே போனால் கட்டம் வரையும் குறிகளும் (─ │ ┌ ┘) முழுக்கட்டை, அரைக்கட்டைக் குறிகளும் (█ ▀ ▄) கிடைக்கின்றன. இவற்றில் பல 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 437-ஆம் குறிப்பக்கத்திலேயே இருந்தவை, இப்போது யூனிகோடில் உள்ளன. பார்க்க மிக அழகு. ஆனால் யூடிஎஃப்-8 அல்லாத பழைய விண்டோஸ் அமைப்பில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும்போது, இந்தக் குறிகளை எழுத முடியாமல் பைத்தான் நிரலே நின்றுவிடலாம். அலங்காரத்துக்காக நிரல் விழுவதை ஏற்க முடியாது. கட்டைக் குறிப் பேனர் வைத்தால், அச்சாகாத சூழலுக்கு வெறும் பெயர் வரி ஒன்றை மாற்றாக வையுங்கள்.

தமிழில் பெயர் வேண்டுமென்றால்

திட்டத்தின் பெயர் தமிழில் இருக்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு ஃபிக்லெட் நேரடியாக உதவாது. அது குறிக்குக் குறி வரைந்து இடமிருந்து வலமாக அடுக்கும். யூனிகோடில் கொ என்பது க, அதன்பின் ஒகர உயிர்க்குறி என இரண்டு குறிகள். திரையில் அந்த உயிர்க்குறியின் ஒரு பகுதி க-வுக்கு முன்னும் மறு பகுதி பின்னும் வர வேண்டும். வெறும் அடுக்கலால் இது நடக்காது.

குறுகிய பெயரென்றால் கையால் வரைவது நல்ல வழி. ப, ட போன்ற நேர்கோட்டு எழுத்துகள் கட்டத்துக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். பட்டறை என்ற பெயரின் முதல் மூன்று எழுத்துகள்:

```
         *

#   #  #      #
#   #  #      #
#   #  #      #
#####  #####  #####
```

எழுத்துக்கு நான்கு வரி போதும், ஆனால் புள்ளிக்கு ஒன்றும் அதற்குக் கீழே இடைவெளிக்கு ஒன்றும் சேர்ந்து ஆறாகிவிட்டது. அந்த வெற்று வரியை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டி வேறு வடிவமாகத் தெரியும். றகரத்துக்கும் ஐகார உயிர்க்குறிக்கும் வளைவு வேண்டும். ஆறு வரிக்குள் அவற்றை அடக்கினால் நெளிந்துபோகும். அங்கே உயரத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

நீண்ட பெயருக்கு வேறு பாதை. எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் பாங்கோ நூலகம் கொண்டு பெயரை முதலில் கறுப்பு வெள்ளைப் படமாக வரையச் செய்யுங்கள். எழுத்துச் சேர்க்கையை அது சரியாகப் பார்த்துக்கொள்ளும். பிறகு சாஃபா என்ற கருவியால் படத்தைக் குறிகளாக மாற்றுங்கள். அரைக்கட்டைக் குறி ஒன்றில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள் அடங்கும். பிரெய்ல் குறி ஒன்றில் அகலத்தில் 2, உயரத்தில் 4 என எட்டு. 16 புள்ளி உயர எழுத்துக்கு அரைக்கட்டையில் எட்டு வரி, பிரெய்லில் நான்கே வரி. பிரெய்லில் கோடுகள் மெல்லியதாக, புள்ளிபுள்ளியாகத் தெரியும். எனக்கு அரைக்கட்டைதான் பிடிக்கும், தமிழின் சுழிகள் அதில் நிறைந்து நிற்கின்றன. மிகத் தடித்த ஃபான்டைக் கொடுத்தால் ழ, ண போன்றவற்றின் உள்வெளிகள் அடைந்துவிடும். நடுத்தரத் தடிமன் நன்றாக வரும். கருவி தந்ததை அப்படியே விடாமல் எடிட்டரில் திறந்து, கரடுமுரடான ஓரங்களைக் கையால் சீராக்குங்கள்.

பெயரைப் பெரிதாக வரையாமல், சாதாரணத் தமிழ் வரியைச் சுற்றிக் கட்டம் போட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கொடி என்ற சொல் கண்ணுக்கு இரண்டு எழுத்து, பைத்தானிடம் நீளம் கேட்டால் 4 என்று சொல்லும், டெர்மினலில் அது பிடிக்கும் இடமோ டெர்மினலுக்கு டெர்மினல் மாறும். எவ்வளவு கணக்குப் போட்டாலும் வலது ஓரத் தூண் ஏதோ ஒரு திரையில் விலகித்தான் நிற்கும். தமிழ் வரிக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, அத்தோடு நிறுத்துங்கள். வலது தூண் வேண்டாம்.

முகப்புக் கோப்பில் வைக்கும்போது

ரீட்மீ கோப்பில் பேனரைக் கோட் தொகுதிக்குள் வைத்தால்தான் சம அகல எழுத்தில் வரும். வெளியே வைத்தால் மார்க்டவுன் அடிக்கோடுகளையும் பேக்டிக்கையும் வடிவமைப்புக் குறிகளாக எடுத்துக்கொள்ளும். கைபேசியில் அகலம் குறைவு என்பதால் இங்கே 40 எழுத்துக்குள் அடங்கும் சிறிய வடிவம் ஒன்றைத் தனியாகச் செய்வது நல்லது.

திரை வாசிப்பானைப் பயன்படுத்துபவரை இங்கே கட்டாயம் நினைக்க வேண்டும். பார்வையுள்ளவருக்கு அரை நொடியில் பெயராகத் தெரிவது, அவர் காதில் அடிக்கோடு, அடிக்கோடு, தூண், பேக்ஸ்லாஷ் என்று குறி குறியாக விழும். பேனருக்கு மேலே திட்டத்தின் பெயரைச் சாதாரணத் தலைப்பாக எழுதுங்கள். சொந்த இணையப் பக்கமென்றால் பேனர் பகுதியைப் படம் என்று அறிவித்து, பெயரை மாற்று உரையாகக் கொடுங்கள். வாசிப்பான் அதை ஒரே சொல்லாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடும்.

பெயரோடு யானை, கப்பல், பூனை என்று பிறர் வரைந்த ஆஸ்கி ஓவியத்தைச் சேர்ப்பதும் வழக்கம். அந்த ஓவியங்களின் மூலையில் இரண்டு மூன்று எழுத்துகள் தனியே நிற்கும். ஓவியத்தின் பகுதிபோலத் தோன்றினாலும் அது வரைந்தவரின் கையொப்பம். இடம் போதவில்லை என்று அதை வெட்டாதீர்கள். வரைந்தவர் பயன்பாட்டு நிபந்தனை எழுதியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள், பேனர் கோப்பின் பக்கத்திலேயே ஒரு வரியில் அவர் பெயரைக் குறித்து வையுங்கள்.